அரை மணிக்குள் ஒரு வீடு

சென்னையில் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. "பீக் அவர்ல முக்கால் மணி, ஞாயித்துக்கிழமைன்னா இருபது நிமிஷம்" என்பார்கள். வீட்டு விளம்பரங்களும் அப்படித்தான்: ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிடம், ஏர்போர்ட்டுக்கு அரை மணி. அந்த அரை மணி விடியற்காலை நான்கு மணிக்கு அளந்தது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். ஆனாலும் அளவுகோல் சரிதான். இந்த ஊரை மக்கள் நேரத்தால்தான் அளக்கிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் உண்டு. செஸாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்கள் எந்தக் காலத்தில் வாழ்ந்தாலும் எந்த வாகனத்தில் போனாலும் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள் என்றார். யாக்கோவ் ஸஹாவி என்பவர் முன்பே செய்திருந்த ஆய்வுகளிலிருந்து அவர் இந்த முடிவுக்கு வந்தார். நடந்து போனால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். போக அரை மணி, வர அரை மணி என்றால் ஊரின் மையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர்தான் எல்லை. மதில் சூழ்ந்த பழைய நகரங்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குதிரை வண்டி, டிராம், ரயில், கார் என்று வேகம் கூடக்கூட நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் வீங்குகிறது. மார்க்கெட்டி மாறிலி என்று இதைச் சொல்கிறார்கள்.

எஞ்சினியரிங் படித்தவனுக்கு ஒரு மாறிலியைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் சராசரி என்பது ஒரு தந்திரமான ஆசாமி. பத்து நிமிடத்தில் வேலைக்குப் போகிறவரையும் இரண்டு மணி நேரம் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இருவரும் சுமார் ஒரு மணி நேரம் போகிறார்கள் என்று சொல்லிவிடும். யாருடைய ஒரு மணி, அதற்கு விலை கொடுத்தது யார் என்று சராசரி சொல்லாது. அதற்கு ஒரு ஊரின் கதையைத்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஊர் சென்னை.

மதராஸ் ஆரம்பத்தில் நடை ஊர்தான். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி 'கறுப்பர் நகரம்'. வணிகர்கள், துபாஷிகள், கணக்கர்கள், சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது திரும்பக் கைக்கு வந்த பிறகு, சுவரை ஒட்டி வீடுகள் இருப்பது எதிரிக்கு மறைவிடம் என்ற பாடத்தை ஆங்கிலேயர்கள் மறக்கவில்லை. அந்தப் பழைய நகரம் முழுக்க இடித்து வெட்டவெளியாக்கப்பட்டது. பீரங்கி சுடுவதற்குப் பார்வை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய குடியிருப்பின் மேல்தான். வடக்கே தள்ளிப்போன ஜனங்களின் ஊர் 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றது. இந்த ஊரில் 'வேற எடத்துக்குப் போங்க' என்று சொல்லப்பட்ட முதல் பெரிய கூட்டம் இவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் தள்ளிப்போன தூரமாவது நடக்கிற தூரமாக இருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் இதற்கு நேரெதிரான ஒன்றும் நடந்தது. 1734-ல் கம்பெனி தன் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைத் தேடிக் கூட்டிவந்து கூவம் கரையில், சுங்குராமர் என்ற பெருவணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் குடியேற்றியது. சின்னத் தறிப் பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளிக்கு வீடுதான் பட்டறை. பாவு நீட்ட நீளமான தெரு, வெயில் படாத மர நிழல், பக்கத்தில் தண்ணீர், இவை இருந்தால் போதும். வேலைக்குப் போகும் நேரம் சுழியம். ஆள் தேவை என்றால் அதிகாரம் பக்கத்தில் இடம் தேடிக் கொடுக்கும் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்குள் மூச்சு முட்டுகிறது என்று வெளியே கிளம்பினார்கள். மவுண்ட் ரோட்டின் இருபுறமும், நுங்கம்பாக்கத்திலும், அடையாற்றங்கரையிலும் 'தோட்ட வீடுகள்' வந்தன. பரங்கிமலைக்குப் போகும் வழியில் அடையாற்றின் குறுக்கே கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் 1726-லேயே ஒரு பாலம் கட்டியிருந்தார். மார்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலம் என்பது வெள்ளைக்காரர் வாயில் மார்மலாங் ஆகிவிட்டது. காலையில் கோட்டையில் கணக்கு, மாலையில் மாந்தோப்பில் காற்று. நான் அறிந்தவரை சென்னையில் 'லைஃப்ஸ்டைல்' பார்த்து வீடு எடுத்த முதல் தலைமுறை இவர்கள்தான். ஆபீஸ் ஒரு இடம், வீடு ஒரு இடம் என்ற பிரிவே அவர்களோடு வந்ததுதான்.

ஆனால் அந்தப் பயணம் எப்படி நடந்தது? குதிரை வண்டியில், இல்லையென்றால் பல்லக்கில். பல்லக்கில் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு அது சுகமான நேரம். தூக்கியவர்களுக்கு அது பயணமே அல்ல, வேலை. அந்தத் தோட்டங்களில் பூ பறித்தவர்கள், சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று தேடினால் நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கத்துக் குப்பங்களும் சேரிகளும்தான் பதில். தோட்ட வீடு இருக்க வேண்டுமானால் கூப்பிடு தூரத்தில் குடிசை இருக்க வேண்டும். இதையும் குறித்துவைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

மயிலாப்பூர் வக்கீல்களின் கணக்கு வேறு மாதிரி. உயர் நீதிமன்றம் 1862-ல் ஏற்பட்டது. இப்போதைய சிவப்புக் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனில் வீடு எடுத்தால் நடந்தே கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பெரிய வக்கீல்கள் மயிலாப்பூரை விட்டு நகரவில்லை. கோயில், குளம், மாடவீதி, லஸ்ஸில் ராணடே நூலகம், பிற்காலத்தில் சபாக்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தம் பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய அண்டைவீடுகள். கோர்ட் வேலையில் பாதி சாயங்காலம் திண்ணையில்தான் நடந்தது. அவர்களைப் பொறுத்தவரை அக்கம்பக்கம் என்பது பொழுதுபோக்கு அல்ல, மூலதனம். அதைக் கோர்ட் வாசலுக்கு மாற்றிக்கொண்டு போக முடியாது. 1895-ல் மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம். வண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாத குமாஸ்தாவும் மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ இருந்துகொண்டு வேலைக்குப் போகலாம் என்றானது. 1953-ல் டிராம் நின்றுபோனது.

எல்லாவற்றையும் உண்மையில் புரட்டிப்போட்டது 1931.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையை மின்மயமாக்கியது. 1931 ஏப்ரலில் கவர்னர் தொடங்கிவைத்தார், மே 11 முதல் வண்டிகள் ஓடின. இந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் மீட்டர் கேஜ் பாதை இது. அதற்கு முன்பும் அந்தப் பாதையில் நீராவி ரயில்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மாற்றம் வேகத்தில் மட்டுமல்ல. நீராவி எஞ்சினுக்குக் கரி போட வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு பக்கமும் முகம். டிரைவர் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் வண்டி திரும்பத் தயார். சட்டென்று வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும். அதனால் கிட்டக்கிட்ட ஸ்டேஷன் வைக்கலாம், அடிக்கடி வண்டி விடலாம். வண்டி அடிக்கடி வந்தால் டைம்டேபிளைப் பார்த்து வாழ வேண்டியதில்லை. ஒரு குமாஸ்தா காப்பியை நிதானமாகக் குடிக்கலாம், இது விட்டால் அடுத்தது. வேலைக்குப் போகிறவர்களின் வாழ்க்கையில் உண்மையான புரட்சி அதுதான் என்பது என் கட்சி. பயண நேரத்தை விடக் காத்திருக்கும் நேரமே மனிதனை அரிக்கும்.

அந்தப் பாதையின் அமைப்பைப் பாருங்கள். வடக்கு முனையில் வரிசையாக வேலை: பீச்சில் இறங்கினால் துறைமுகம், தலைமைத் தபால் நிலையம், பாரி கம்பெனி, வங்கிகள். கோட்டையில் இறங்கினால் செக்ரடேரியட். பார்க்கில் சென்ட்ரலும் ரிப்பன் கட்டடமும். தெற்கு முனையில் வயலும் ஏரியும் பனங்காடும். தாம்பரம் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு நினைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்று போதும்: 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தன் காசநோய் மருத்துவமனையை அங்கேதான் தொடங்கினார். ஊரை விட்டு விலகி நல்ல காற்றுக்காகப் போகும் இடம். சானடோரியம் என்பது இன்றைக்கு ஒரு ஸ்டேஷன் பெயர். பீக் அவரில் அந்த ஸ்டேஷனில் காற்றைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்.

நடுவில் மாம்பலம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று இருந்தது. 1920-ல் வந்த நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் அந்த ஏரிப் பக்கம் புதிய நகர் ஒன்று போடப்பட்டது. 1925-ல் காலமான பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து கிளம்பும் சாலைகள், உஸ்மான், டாக்டர் நாயர் என்று கட்சிக்காரர்களின் பெயர்கள். ஏரி இருந்ததற்கு அடையாளமாக லேக் வியூ ரோடு, லேக் ஏரியா என்ற பெயர்கள் மிஞ்சின. 'வியூ' போய்விட்டது.

ரயில் பாதைக்குக் கிழக்கே தி.நகர் வரைபடம் போட்டுக் கட்டப்பட்ட ஊர். மேற்கே மேற்கு மாம்பலம் தானாக வளர்ந்தது: குறுகிய தெரு, சாக்கடை, கொசு, யானைக்கால் நோய். ஒரே ஸ்டேஷன், ஒரே வண்டி, பீச்சுக்கு ஒரே நேரம். பயண நேரம் மட்டும்தான் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் ஒரே வாடகை இருந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964-ல் போட்ட புகழ்பெற்ற சூத்திரம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லும்: மையத்துக்குப் பக்கத்தில் நிலம் விலை அதிகம், தூரம் போகப்போகக் குறையும். தண்டவாளத்தின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பது சூத்திரத்தில் இல்லை. மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்த சம்பளக்காரக் குடும்பங்கள் செய்தது ஒரு தெளிவான பண்டமாற்று. வாடகை குறைவு, ரயில் பக்கம், பதிலுக்குக் கொசுவை எடுத்துக்கொள். சாவகாசமாக யோசித்தால் நடுத்தர வர்க்கத்தின் எல்லா வீட்டு முடிவுகளுமே ஏதோ ஒரு கொசுவை ஏற்றுக்கொள்வதுதான்.

ரயில் வந்தபின் வீட்டை மட்டுமல்ல, ஒரு கல்லூரியையே தூக்கிக்கொண்டு போனார்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் புதர்க்காடு. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அங்கே மரம் மரமாக நட்டார். நெரிசலான எஸ்பிளனேட் முனையிலிருந்து ஒரு கல்லூரி அவ்வளவு தூரம் போகத் துணிந்ததற்கு வாசலில் வந்து நின்ற மின்சார ரயில் பெரிய தைரியம். வீடு தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் தூரத்தையும் இடவசதியையும் எடைபோட்டது ஐந்து வருடத்துக்கு அல்ல, தொண்ணூறு வருடம் கழித்தும் அந்தக் காட்டில் மான் திரிகிறது.

பிறகு வந்த முப்பது நாற்பது ஆண்டுகளைச் சீசன் டிக்கெட்டின் காலம் என்று சொல்லலாம். பழவந்தாங்கலில் இறங்கி நங்கநல்லூர், குரோம்பேட்டை, பல்லாவரம். பி.எஃப். கடனில் அரை கிரவுண்டு, கிணறு, இரண்டு தென்னை, வாசலில் துளசி மாடம். குடும்பத் தலைவர் ஏழரை மணி வண்டியைப் பிடித்துப் போய், ராத்திரி ஏழரைக்கு வந்தார். அவர் வண்டியில் சீட்டாடினார், அரசியல் பேசினார், பேப்பர் படித்தார். அவருடைய ஒரு மணி நேரம் சாத்தியமானது, வீட்டில் ஒருத்தர் ரேஷன் கியூவில் நின்று, கிணற்றில் இறைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு மிச்சப் பயணங்களையெல்லாம் நடந்தே முடித்ததால்தான். அதை யாரும் பயணக் கணக்கில் சேர்த்ததில்லை. சினிமாக்காரர்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். ஸ்டூடியோக்கள் கோடம்பாக்கம், வடபழனியில் இருந்தன, வேலை எந்நேரமும் முடியும், ஆகவே நட்சத்திரங்கள் தி.நகரில் வீடு கட்டிக்கொண்டார்கள். வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் என்று மேற்கே விரித்த நகர்களுக்கு ரயில் கிடையாது. அவை பல்லவன் பஸ்ஸின் பிள்ளைகள். அது தனிக் கதை.

இதுவரை ஒரு ஒழுங்கு இருந்தது: வேலை நின்ற இடத்திலேயே நின்றது, வீடுதான் நகர்ந்தது. 2000-ல் அது தலைகீழானது.

அந்த வருடம் ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் கிளம்பின. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி. முதலில் வேலை வந்தது, பிறகு ஆறுவழிச் சாலை வந்தது, அதற்கும் பிறகு அடுக்குமாடிகள் வந்தன. ரயில் வரவில்லை. பறக்கும் ரயில் 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. மயிலாப்பூருக்கு 1997, வேளச்சேரிக்கு 2007. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். இணைத்திருந்தால் தாம்பரம் பாதையும் இதுவும் கைகோத்திருக்கும். நிலம் எடுப்பதில் சிக்கி அந்த ஐந்து கிலோமீட்டர் ஆண்டுக்கணக்கில் தூண்களாகவே நின்றது. ரயிலின் இடத்தைக் கம்பெனி பஸ் எடுத்துக்கொண்டது. ரயில் எல்லோருக்கும் பொது. கம்பெனி பஸ் ஐடி கார்டு இருப்பவருக்கு மட்டும்.

அந்தச் சாலையின் பக்கத்தில்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தென்சென்னையின் மழைத் தண்ணீர் எல்லாம் கடலுக்குப் போகும் முன் தங்கும் இடம். 2022-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டிருந்தது. 'ஆபீசுக்குப் பதினைந்து நிமிடம்' என்று வாங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் 2015 டிசம்பரில் தண்ணீர் நின்றது. 2019 கோடையில் நேர்மாறு: லாரித் தண்ணீரை நம்பியிருந்த அதே சாலையில் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன.

எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு ஒரு கோடை முழுக்க ஓடியது. பெங்களூரிலிருந்து மாறி வரும்போது எனக்கு சோழிங்கநல்லூரில் ஆபீஸ், மனைவிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். ஒன்று ஊரின் தென்கிழக்கு, மற்றது வடமேற்கு. சோழிங்கநல்லூரில் கிடைக்கும் வாடகைக்கு நீச்சல்குளமும் ஜிம்மும் வரும், ஆனால் அவள் ஒரு நாளில் நான்கு மணி நேரம் சாலையில் இருப்பாள். அம்பத்தூர் என்றால் அந்த நான்கு மணி எனக்கு. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன், அது இல்லாமல் எங்கள் தொழிலில் யாரும் தக்காளி கூட வாங்குவதில்லை. வீடு காட்டிய புரோக்கர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஸ்டேஷன் பக்கமா வேணுமா, தண்ணி பக்கமா வேணுமா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். முப்பது வரிசை அட்டவணையை விட அது நல்ல கேள்வி.

சீசன் டிக்கெட் காலத்தின் சூத்திரத்தில் ஒரு வீடு, ஒரு ஆபீஸ். இப்போது ஒரு வீடு, இரண்டு ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் திரும்பவும் பழைய ரயில் பாதையின் நடுப்பகுதிக்கே வந்து சேர்கின்றன: சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை. எந்தத் திசைக்கும் கொஞ்சம் கஷ்டம், எந்தத் திசைக்கும் பெரிய கஷ்டம் இல்லை. புருனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்ஸர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை வைத்து ஒரு புதிரைக் காட்டினார்கள். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்க வேண்டும், ஆகவே திருப்தியில் குறை இருக்கக் கூடாது. ஆனால் குறை இருந்தது. பெரிய வீட்டுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடுகிறோம், தினசரிப் பயணத்துக்குப் பழகுவதே இல்லை என்பது நான் அதற்குத் தரும் விளக்கம். நாங்கள் பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்குக் கிட்டே, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் வீடு எடுத்தோம். அவள் கிண்டியில் மெட்ரோ மாறுகிறாள், நான் வேளச்சேரி வழியாகப் போகிறேன். ஆளுக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல், ஒரு வழிக்கு. மார்க்கெட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் இதெல்லாம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் கஷ்டம். ஐடி சாலையில் அதே 2000-ம் ஆண்டில் இன்னொரு குடியேற்றமும் தொடங்கியது. துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து, சுமார் 15,000 வீடுகளில் வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டித் தருவதுதான் அதன் வழி. நகரின் நடுவில் இன்றும் அந்தப் பழைய குடியிருப்புகளைப் பார்க்கலாம். முப்பது வருடத்தில் நிலத்தின் விலை ஏறியது, வாரியத்தின் வரைபடம் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப்போனது.

அந்தக் குடும்பங்கள் நகரின் நடுவில் இருந்ததற்குக் காரணம் வேலை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு, எல்லாம் நடக்கிற தூரம். மீன் விற்பவருக்கு, கட்டட வேலைக்குப் போகிறவருக்கு, தள்ளுவண்டிக்காரருக்குப் பயண நேரம் என்பது நேரடியாகக் கூலிக் குறைவு. சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி எதற்காக உண்டாக்கியதோ, தோட்ட வீடுகளின் பக்கத்தில் குப்பங்கள் எதற்காக இருந்தனவோ, அந்தக் காரணம் அப்படியே இருந்தது. ஜாகை மட்டும் மாறிவிட்டது. வீடு கான்கிரீட், கழிப்பறை உள்ளே, கூரை ஒழுகாது என்று சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடு பார்த்த பெண்ணுக்கு, போக இரண்டு பஸ் வர இரண்டு பஸ் என்றானபோது நான்கு வீடு இரண்டானது. பலருக்கு அது ஒன்றுமில்லாமல் போனது. படிப்பாண்டின் நடுவில் இடம்மாற்றப்பட்ட பிள்ளைகள் பழைய பள்ளிக்கே வர அதிகாலையில் பஸ் ஏறினார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து இன்னும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. கரையில் வெள்ள ஆபத்து என்று எடுத்துச் சென்று விட்ட இடம் சதுப்பு நிலத்தின் பக்கம்.

2021 மே மாதம் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. கையை விட்டுக் காசு கொடுத்து இரண்டு பஸ் மாறியவர்களுக்கு அது சாதாரண விஷயம் அல்ல. காசு மிச்சமானது, நேரம் அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம், கண்ணகி நகரிலிருந்து பலர் பழைய ஊருக்குப் போவதை விட்டுவிட்டுப் பக்கத்து ஐடி கட்டடங்களிலேயே ஹவுஸ்கீப்பிங்குக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் சேர்ந்தார்கள். எங்கள் தளத்தில் காலை ஆறரைக்குத் தரையைத் துடைத்து முடிக்கிற அக்காவுக்கு வேலைக்கு வர இருபது நிமிட நடை. ஆபீஸில் எங்கள் எல்லோரையும் விடக் கிட்டத்தில் இருப்பவர் அவர்தான். "முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். "கிரீம்ஸ் ரோடு பக்கம். அங்க பார்த்த வீட்டம்மா இன்னும் போன் பண்ணுவாங்க, வா வான்னு. எப்படி வர்றது?" என்றார்.

இப்போது சாலையின் நடுவில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுந்து நிற்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை 45 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை அது. துரைப்பாக்கம் வழியாகத்தான் போகிறது. ஸ்டேஷன் வரப்போகிறது என்றதுமே சாலையோர அடுக்குமாடி விளம்பரங்களில் 'மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடை' சேர்ந்துவிட்டது. கண்ணகி நகரிலிருந்தும் நடந்துவிடக்கூடிய தூரம்தான். டிக்கெட் எவ்வளவு இருக்கும், நகரப் பேருந்தில் போல அதிலும் பெண்களுக்கு இலவசம் உண்டா என்று அக்கா என்னிடம் கேட்டார். இப்போது ஓடுகிற மெட்ரோவில் அந்தச் சலுகை கிடையாது என்றேன். "அப்ப பஸ்ஸுதான்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போனார்.